கிரெப் பிழைச்செய்தி: ‘கேரக்டர் கிளாஸ்’ என்பது எழுத்து இனமா, வரியுரு வகுப்பா?

மடல் 1

வணக்கம். குனூ கிரெப் (கோப்புகளில் உரை தேடும் கட்டளைக் கருவி) மொழிபெயர்ப்புக் கோப்பை வெள்ளிக்கிழமை அனுப்பியாக வேண்டும். ஒரு சரம், அதாவது கருவி காட்டும் செய்தி, மட்டும் பாக்கி. அது ‘கேரக்டர் கிளாஸ்’ பற்றியது: இடைவெளிகள், இலக்கங்கள் என ஒரு தொகுதியை மொத்தமாகக் குறிக்கும் பெயர்; ஸ்பேஸ் என்பது இடைவெளித் தொகுதி. [[:ஸ்பேஸ்:]] என்று இரட்டை அடைப்பில் எழுத வேண்டியதைப் பயனர் [:ஸ்பேஸ்:] என்று எழுதிவிட்டால், கிரெப் தேடாமலே நின்றுவிடும். வெளியேறும் நிலை 2, அதாவது பிழை. ஒற்றை அடைப்புக்கு ‘முக்காற்புள்ளி, எஸ், பி, ஏ, சி, இ இவற்றில் ஒன்று’ என்பதே நேர்ப்பொருள். அதை யாரும் நினைத்து எழுதுவதில்லை என்பதால்தான் இந்தத் தடை. என் வரைவு:

“எழுத்து இனத் தொடரியல் [[:ஸ்பேஸ்:]], [:ஸ்பேஸ்:] அல்ல”

மடல் 2

‘இனம்’ கூடாது. வல்லினம், மெல்லினம், இடையினம் ஆறாறாகப் பிரிந்தவை. ஓரெழுத்து ஈரினத்தில் வராது. போசிக்ஸ் என்ற இயங்குதளத் தரநிலை தரும் 12 தொகுதிகளோ ஒன்றுக்குள் ஒன்று: ஆல்னத்துக்குள் (எழுத்தும் இலக்கமும்) ஆல்ஃபாவும் (எழுத்து) டிஜிட்டும் (இலக்கம்) அடக்கம்.

‘எழுத்து’ம் இடறும். எழுதப்படுதலின் எழுத்து, எழுப்பப்படுதலின் எழுத்து என்பார்கள். இடைவெளிக்கு இரண்டுமே இல்லை. மேலும் ‘கி’ நமக்கு ஓரெழுத்து. யூனிகோடில் இரண்டு குறியீடுகள். கிரெப்பில் ‘ஏதேனும் ஒரு கேரக்டர்’ எனப் பொருள்படும் ஒற்றைப் புள்ளி இட்டால் ககரம் மட்டும் சிக்கி, இகரக் குறி தனியே விழும். கேரக்டருக்கு ‘வரியுரு’, ஆகவே ‘வரியுரு வகுப்பு’ என்பதே சரி.

மடல் 3

> வரியுரு வகுப்பு

ஒலிவடிவம், வரிவடிவம் என்ற மரபில் வரி என்பதும் எழுதப்பட்டதே. இடைவெளிக்கு ஏது வரி? எழுத்தைத் தள்ளிய அதே காரணம் இதையும் தள்ளும். அப்படியிருக்க, படித்ததும் விளங்குகிற சொல்லை ஏன் விட வேண்டும்? ‘எழுத்து வகை’ போதும்.

மடல் 4

பெயரைவிடப் பெரிய சிக்கல் ஒன்று. இந்தச் சரம் மாறாதது. பயனர் [:டிஜிட்:] என்று எழுதியிருந்தாலும் செய்தி ஸ்பேஸையே காட்டும். ஆகவே ‘எ.கா.’ சேருங்கள். மடலில் ‘ஸ்பேஸ்’ என்று எழுதினாலும், கோப்பில் அடைப்புக்குள் இருப்பதை ஆங்கில எழுத்திலேயே (space) விடுங்கள். ‘வெற்றிடம்’ என்று மாற்றினால் பயனர் அதையே தட்டுவார். ‘செல்லாத எழுத்து வகை’ என்ற அடுத்த பிழை வந்து நிற்கும். ‘தொடரியல்’ தேவையே இல்லை:

“எழுத்து வகையை இரட்டை அடைப்பில் எழுதவும்: எ.கா. [[:ஸ்பேஸ்:]]; [:ஸ்பேஸ்:] என்று எழுதக் கூடாது”

மடல் 5

மடல் 4-இன் வடிவத்தையே கோப்பில் இடுகிறேன். ‘செல்லாத’ சரத்திலும் ‘எழுத்து வகை’யே.

மடல் 6

இடுங்கள், தடுக்கவில்லை. ஆனால் ‘கி’யை இரண்டாக வெட்டும் கருவி அந்தத் துண்டுகளை ‘எழுத்து’ என்று அழைப்பதை நான் ஏற்கவில்லை. அடுத்த பதிப்பின்போது வரியுருவை மீண்டும் முன்வைப்பேன்.