கருப்புப் பட்டையைத் தாண்டாத ரோபோ: தொட்டிக்கட்டு வீடு, உதவி தேவை

கோபிப் பேரன்:
கோபி பக்கம் கிராமமுங்க, நடுவில் பள்ளமான வாசல் வைத்த தொட்டிக்கட்டு வீடு. அம்மாயிக்கு 79 வயது, தனியாக இருக்கிறார். கோயமுத்தூருக்கு வாங்க என்றால், "மாட்டை யாரு பார்க்கறது?" என்று ஒரே பேச்சு. அதனால் மாமாவும் நானும் சேர்ந்து சக்கரமும் திரையும் உள்ள ரோபோ ஒன்று வாங்கி வைத்தோம். மாத்திரை நேரம் சொல்லும். வீடியோ கால் வந்தால் அவர் இருக்கும் இடத்துக்கே போகும்.

போக வேண்டும், அவ்வளவுதான். ஆசாரத்தில், அதாவது கூடத்தில், காவித் தரை, ஓரமாக ஒரு சாண் அகலத்துக்குக் கருப்புப் பட்டை. அது வந்ததும் ரோபோ நின்று, பின்வாங்கி, "பாதை இல்லை" என்கிறது. மேப்பை அழித்துப் புதிதாகப் போட்டாச்சு, கேமராவைத் துடைத்தாச்சு. சேவை மையத்தில் கேட்டால் "டைல்ஸ் போட்டுடுங்க சார்" என்கிறார்கள்!

அம்மாயி பேசுவதும் அதற்குப் புரிவதில்லை.

கணபதி மெக்கானிக்:
மேப்பில் கோளாறு இல்லைங்க. ரோபோவின் அடியில் பள்ளம் பார்க்கும் சென்சார் இருக்கும். அகச்சிவப்பு ஒளியைத் தரையில் அடித்து, திரும்பி வருகிறதா என்று பார்க்கும். கருப்புத் தரை அந்த ஒளியை விழுங்கிவிடுவதால், படி இறங்குகிறது என்று நினைத்து நின்றுவிடும். வீடு கூட்டும் ரோபோக்களிலும் இதே தொல்லை உண்டு. பட்டை மேல் வெள்ளைத் தாள் ஒட்டிப் பாருங்க. தாண்டினால் அதுதான்.

அவினாசி ரோடு:
சென்சார் மேலேயே வெள்ளை டேப் ஒட்டுங்க, வேலை முடிஞ்சுது.

கணபதி மெக்கானிக்:
தொட்டிக்கட்டு வீட்டில் அதை மட்டும் செய்யாதீங்க. நடுவாசல் பள்ளம் அதற்குத் தெரியாமல் போய், நேராகக் கீழே விழும்.

கோபிப் பேரன்:
தாண்டிருச்சுங்க அண்ணா! தாளுக்குப் பதில் மிதியடி போடலாமா?

ஈரோடு பிசியோ:
வேண்டாங்க. வயதானவர்களுக்கு மிதியடியில்தான் கால் தடுக்கும். வெளிர் நிறத்தில், வழுக்காத மெல்லிய ஒட்டுப்பட்டை போதும். ஓரம் எழும்பாமல் அழுத்தி ஒட்டுங்க.

ஒன்று கேட்கிறேன். அம்மாயி வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் வழுக்கி விழுந்தால் ரோபோ என்ன செய்யும்? அங்கே அது போகாது, போனாலும் தூக்கிவிடாது. கழுத்தில் மாட்டும் அழைப்புப் பொத்தான் ஒன்று வாங்குங்க. பக்கத்து வீட்டில் ஒரு சாவி இருக்கட்டும். அவசரத்துக்கு 108. முதியோருக்கான மற்ற உதவிகளுக்கு 14567 இருக்கிறது.

அவினாசி ரோடு:
ரோபோ நகர்ந்துதான் ஆகணுமா? 2022ல் நியூயார்க் மாநில முதியோர் துறை 800க்கும் மேற்பட்டவர்களுக்குக் கொடுப்பதாக அறிவித்த எல்லிக்யூ ரோபோவுக்குச் சக்கரமே கிடையாது. மேசையில் உட்கார்ந்தே பேச்சுக் கொடுக்கும்.

கோபிப் பேரன்:
அம்மாயி ஓரிடத்தில் உட்காரும் ஆள் இல்லைங்களே. பொத்தானுக்குச் சொல்லியாச்சு. பேச்சுக்கு ஏதாவது வழி?

கணபதி மெக்கானிக்:
டிவி ஓடும்போது பேசினால் எதற்குமே புரியாது, முதலில் அதைப் பாருங்க. அப்புறம் செட்டிங்கில் ரோபோவைக் கூப்பிடும் பெயரை மாற்ற முடியுதா?

கோபிப் பேரன்:
மூன்று பெயர்தான் கொடுத்திருக்கிறார்கள், மூன்றும் இங்கிலீஷ். அம்மாயி வாயில் எது நுழையும் என்று ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய்ப் பார்க்கணும். திரையில் மாமா படத்தையே பெரிய பொத்தானாக வைக்க முடியுது. தொட்டால் கால் போகுது. இப்போதைக்கு அதை வைத்து ஓட்டிக்கிறோம்.