குண்டு உப்பலவாடி அருகே வீடு: பேஸ்மட்டம் எத்தனை அடி வைக்க வேண்டும்? அவசரம்

தென்பெண்ணைக்கரை
அனைவருக்கும் வணக்கம். கடலூரில் குண்டு உப்பலவாடி பக்கம் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். 2024 டிசம்பரில் தென்பெண்ணை வெள்ளம் எங்கள் தெருவுக்குள் வந்தது. பேஸ்மட்டம், அதாவது வீட்டுத் தரை நிற்கும் உயரம், சாலையிலிருந்து 3 அடி இருந்தால் போதும் என்று பொறியாளர் சொல்கிறார். 5 அடிக்குக் குறைந்தால் பயனில்லை என்று மேஸ்திரி சொல்கிறார். இருவரில் யார் சொல்வது சரி? திங்கட்கிழமை சுவர் வேலையைத் தொடர வேண்டியிருப்பதால் விரைவாகப் பதில் தந்து உதவுங்கள்.

பாகூர் மேஸ்திரி
தம்பி, 3 அடியா 5 அடியா என்பதற்கு முன்பு, அன்று தண்ணீர் எவ்வளவு நின்றது என்று நீங்கள் சொல்லவே இல்லையே. மனை எத்தனை சதுர அடி, மண் மணற்பாங்கா களிமண்ணா, ஆற்றிலிருந்து எவ்வளவு தூரம், தூண் எழுப்பிக் கட்டும் வீடா, சுவரே சுமை தாங்கும் வீடா? இவை தெரியாமல் அடிக்கணக்குச் சொல்வது பார்க்காமல் மருந்து கொடுப்பதற்குச் சமம்.

ஓய்வுபெற்ற பொறியாளர்
இப்படிப்பட்ட கேள்விகளுக்கு நான் பலமுறை விடை எழுதியிருக்கிறேன். கேட்பதற்கு முன்பு பழைய பதில்களைப் படிக்கும் பழக்கம் வர வேண்டும். தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016, சுற்றியுள்ள நிலமட்டத்திலிருந்து குறைந்தது 450 மில்லிமீட்டர் பேஸ்மட்டம் இருக்க வேண்டும் என்கிறது. உங்கள் பொறியாளர் அதைப் போல் இரண்டு மடங்கு கொடுத்திருக்கிறார். படித்தவர் சொல்வதைக் கேளுங்கள். மேஸ்திரி சொல்வதையெல்லாம் கேட்டால் செலவுதான் ஏறும்.

கட்டமைப்பு வடிவமைப்பாளர்
மன்னிக்க வேண்டும், ஐயா. 450 மில்லிமீட்டர் என்பது மழைநீர் மனையிலிருந்து வடிந்து போவதற்காக எல்லாக் கட்டடங்களுக்கும் பொதுவாக வைத்த குறைந்த அளவு. ஆற்று வெள்ளம் வரும் இடத்துக்கு அதை அளவுகோலாகக் கொள்ள முடியாது.

சாலைமட்டத்தை அடிப்படையாக வைத்துக்கொண்டு 3 அடியா 5 அடியா என்று பேசுவதே தவறான தொடக்கம் என்பது என் எண்ணம். அமெரிக்காவில் 1968 முதல் வெள்ளக் காப்பீட்டுத் திட்டம் நடக்கிறது. அங்கே ஓர் ஆண்டில் வருவதற்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்புள்ள வெள்ளத்தின் மட்டத்தைக் கணக்கிட்டு, அதை அடிப்படை வெள்ளமட்டம் என்று வரைபடத்தில் குறித்து, வாழும் தரை அதற்குக் கீழே போகக் கூடாது என்று விதித்திருக்கிறார்கள். அவர்களுடைய ஏ.எஸ்.சி.இ. 24 என்ற கட்டுமானத் தரநூலின் 2014 பதிப்பு, அந்த மட்டத்துக்கும் மேலே கூடுதலாக ஓர் உயரத்தை, சாதாரண வீடுகளுக்கு 1 அடியை, பாதுகாப்புக்காகக் கேட்டது. நம்மிடம் தெருவாரியாக அப்படி ஒரு வரைபடம் கையில் இல்லாவிட்டாலும், 2024இல் சுவரில் படிந்த சேற்றுக் கோடு இருக்கிறது. தென்பெண்ணையின் குறுக்கே உள்ள சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை திறக்கப்பட்டபோது வந்த வெள்ளத்தின் கோடு அது. அந்தக் கோட்டுக்கு மேலே 1 அடியாவது, முடிந்தால் 2 அடி வைத்துத் தரையை அமையுங்கள். அது சாலையிலிருந்து 3 அடியாக வந்தாலும் 6 அடியாக வந்தாலும் அதுதான் உங்கள் மனைக்கு உரிய கணக்கு.

மஞ்சக்குப்பம் வாசி
இவ்வளவு உயர்த்த வேண்டியதே இல்லை. நீர்த்தடுப்புப் பூச்சு இப்போது நல்ல தரத்தில் கிடைக்கிறது. வெளிச்சுவரின் அடிப்பகுதியில் 4 அடி வரை இரண்டு முறை அடித்து, வாசலில் தகடு செருகும் தடுப்பு ஒன்று வைத்துவிட்டால் சொட்டுத் தண்ணீரும் உள்ளே வராது. என் மைத்துனர் வீட்டில் இப்படித்தான் செய்திருக்கிறோம்.

கட்டமைப்பு வடிவமைப்பாளர்
நண்பரே, மைத்துனர் வீட்டில் இரண்டு அடித் தண்ணீர் நின்றிருந்தால் அது சரியாகவே வேலை செய்திருக்கும். ஆனால் தண்ணீரின் தள்ளுவிசை ஆழத்தின் இருமடிப்படி ஏறுகிறது, ஆழம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். வெளியே 3 அடித் தண்ணீர் நின்று உள்ளே உலர்ந்திருந்தால், 10 அடி நீளமுள்ள சுவரை ஏறத்தாழ 1¼ டன் விசை தள்ளுகிறது. 5 அடி நின்றால் அதே சுவரில் ஏறத்தாழ 3½ டன். தண்ணீர் ஓடினாலோ, மரக்கட்டை வந்து மோதினாலோ அதற்கும் மேலே. நம் 9 அங்குலச் செங்கல் சுவர் மேலிருந்து வரும் சுமையைத் தாங்கும். பக்கவாட்டில் இப்படித் தள்ளினால் விரிசல் விடும். அதனால்தான் சாதாரணச் சுவரில் 3 அடிக்கு மேல் தண்ணீரைத் தடுத்து நிறுத்த முயல வேண்டாம் என்று வெள்ளப் பொறியியலில் சொல்கிறார்கள். அதற்கு மேல் வரும் என்றால் உள்ளே விடுவதே சுவருக்குப் பாதுகாப்பு. மேலும் வாசலை அடைத்தாலும் கழிப்பறைக் குழாய் வழியாகவும், தரைக்கு அடியிலிருந்தும் தண்ணீர் வரும். கழிவுநீர்க் குழாயில் திரும்பிவராமல் தடுக்கும் வால்வு இல்லாத வீட்டில் வாசல் தகடு பாதி வேலைதான் செய்யும்.

முத்தியால்பேட்டை வாசகி
ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். வெள்ளக் கோட்டை மட்டும் பார்த்தால் போதாது. சாலையும் நின்ற இடத்தில் நிற்பதில்லை. 1998இல் நாங்கள் கட்டியபோது வாசலுக்கு ஐந்து படி ஏற வேண்டும். ஒவ்வொரு முறை சாலை போட்டபோதும் பழையதன் மேலேயே போட்டுக்கொண்டு போனதில் இன்று ஒரு படிதான் மிச்சம். ஃபெஞ்சல் புயலின்போது ஒரே நாளில் ஏறத்தாழ 48 சென்டிமீட்டர் மழை பெய்த அந்த இரவில், ஆறு எதுவும் உடையாமலேயே கூடத்தில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. மரக் கட்டிலின் ஒட்டுப்பலகை ஊதிப் பிரிந்துவிட்டது. என் மாமியாரின் தேக்கு அலமாரி மட்டும் காய்ந்ததும் பழையபடி நின்றது.

ஓய்வுபெற்ற பொறியாளர்
அம்மா, சாலை உயர்வது வேறு பிரச்சினை. பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பின்பே புதிய சாலை போட வேண்டும் என்று 2021இலேயே தமிழ்நாட்டில் தலைமைச் செயலாளர் அறிவுறுத்தியிருக்கிறார். விதி தெரியாமல் பேசினால் விவாதம் திசைமாறும்.

முத்தியால்பேட்டை வாசகி
ஐயா, அது தமிழ்நாட்டுக்கு. நான் இருப்பது புதுச்சேரி. விதி எங்கே இருந்தாலும் என் வாசலில் ஒரு படிதான் இருக்கிறது. புதிதாகக் கட்டுகிறவர் அடுத்த 20 ஆண்டுகளுக்குச் சாலை உயர்வதற்கும் இடம்விட்டு அளக்க வேண்டும் என்றுதான் சொல்ல வந்தேன்.

பாகூர் மேஸ்திரி
அம்மா சொல்வது முற்றிலும் சரி. ஆனால் இதற்குத் தீர்வாக எல்லோரும் சவுடு மண் கொட்டி மனையையே மேடாக்குகிறார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. நீங்கள் 5 அடி மண் நிரப்பினால் உங்கள் மனையில் நின்றிருக்க வேண்டிய தண்ணீர் பக்கத்து வீட்டுக்குப் போகும். பாகூர்ப் பக்கம் அண்ணன் தம்பிகளுக்குள்ளேயே இதனால் வாய்க்காலும் வழியும் அடைபட்டு வழக்கு வரை போனதைப் பார்த்திருக்கிறேன். அவசரமாக நிரப்பிய மண் ஒரு மழைக்காலத்தில் அமுங்கித் தரை ஓடு தொங்கிப்போவதும் உண்டு. அரை அடிக்கு ஒரு முறை தண்ணீர் விட்டுத் திமிசால் இடித்து இறுக்காமல் யாரும் மேலே போகக் கூடாது.

மஞ்சக்குப்பம் வாசி
மண் நிரப்பாமல் 5 அடி எப்படி உயர்த்துவது? அடியில் வெற்றிடம் விட்டால் பாம்பும் கொசுவும் குடியேறும். தரைக்கு மண் நிரப்புவதுதான் காலங்காலமாக நம் வழக்கம்.

கட்டமைப்பு வடிவமைப்பாளர்
வழக்கம் அதுதான், ஆனால் ஆற்றோரத்தில் வழக்கத்தைக் கொஞ்சம் மாற்ற வேண்டும். தூண்களின் மேல் தரையை உயர்த்தி, கீழ்ப்பகுதியை வண்டி நிறுத்தவும் கழுவக்கூடிய பொருள் வைக்கவும் மட்டும் விட்டுவிடலாம். அந்தக் கீழ்ப்பகுதியைச் சுவரால் அடைப்பதென்றால், தண்ணீர் தானாக உள்ளே வந்து தானாக வெளியேறும் திறப்புகள் வேண்டும். நான் மேலே சொன்ன அமெரிக்க விதியில் இதற்குத் தெளிவான அளவு இருக்கிறது: அடைத்த பரப்பில் ஒவ்வொரு சதுர அடிக்கும் 1 சதுர அங்குலத் திறப்பு, குறைந்தது இரண்டு வேறு சுவர்களில், திறப்பின் அடிவிளிம்பு நிலத்திலிருந்து 1 அடிக்குள். 200 சதுர அடி வண்டிக்கூடம் என்றால் எதிரெதிர்ச் சுவர்களில் 10க்கு 10 அங்குலத் திறப்பு ஒவ்வொன்று போதும். கம்பிவலை போட்டால் பாம்புக்கு அஞ்ச வேண்டியதில்லை. உள்ளும் புறமும் ஒரே மட்டத்தில் தண்ணீர் ஏறும்போது சுவரை எந்தப் பக்கமும் தள்ளாது.

இன்னொன்றை விட்டுவிடக் கூடாது. கீழே சுவர் இல்லாமல் தூண் மட்டும் நிற்கும் வீட்டில், அந்தத் தூண்கள்தான் பக்கவாட்டு விசை முழுவதையும் ஏற்கின்றன. தரைத்தளத்துக்காக வடிவமைத்த தூணை அப்படியே உயரமாக்கிவிட்டு வண்டிக்கூடம் என்று சொல்லக் கூடாது. தாழங்குடா முகத்துவாரம் பக்கத்தில் இருப்பதால் உப்புக் காற்றும் உண்டு, ஐ.எஸ். 456 என்ற இந்தியக் கான்கிரீட் தரநூல் கடலோரச் சூழலைக் கடுமையான சூழல் என்று வகைப்படுத்தி, எம்30 தரக் கான்கிரீட்டும், கம்பியை மூடி 45 மில்லிமீட்டர் கனத்துக்குக் கான்கிரீட்டும் கேட்கிறது. அந்த இடைவெளிக்காகக் கம்பியில் கட்டும் கவர் பிளாக்கை 25 மில்லிமீட்டரில் வைத்துத் தூண் போட்டிருந்தால் வெள்ளத்துக்கு முன்பே துரு அதைத் தின்றுவிடும்.

வில்லியனூர் மின்பணியாளர்
நான் மின்வேலை மட்டும் சொல்கிறேன். மீட்டர் பெட்டி, ஸ்விட்ச் போர்டு, இன்வெர்ட்டர் மூன்றும் வெள்ளக் கோட்டுக்கு மேலே இருக்கட்டும். தரைக்குள் குழாய் பதித்து ஒயர் கொண்டுபோகாமல் கூரையிலிருந்து கீழே இறக்குங்கள். கீழ்த்தளத்துக்குத் தனிச் சுற்று வைத்து, மின்சாரம் கசிந்தால் தானே அணைக்கும் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் துண்டிப்பான் போட்டால், தண்ணீர் ஏறும்போது கீழ்த்தளத்தை மட்டும் அணைத்துவிட்டு மேல்தளத்தில் விளக்கு எரியும். 2024 வெள்ளத்துக்குப் பிறகு நான் திறந்த போர்டுகளில் பெரும்பாலானவை 2 அடி உயரத்தில் இருந்தவை.

ஓய்வுபெற்ற பொறியாளர்
கேள்வி கேட்டவரையே காணவில்லை. "சுவர் வேலையைத் தொடர வேண்டும்" என்று எழுதியிருக்கிறார். "தொடங்க" என்று எழுதவில்லை. இதை ஒருவரும் கவனிக்கவில்லை. ஏற்கெனவே பேஸ்மட்டம் போட்டு முடித்த வீட்டுக்கு நீங்கள் அனைவரும் புது வீட்டுக்கான ஆலோசனை வழங்கிக்கொண்டிருக்கிறீர்கள்.

தென்பெண்ணைக்கரை
தாமதத்துக்கு மன்னியுங்கள், வேலைக்குப் போயிருந்தேன். ஐயா சொன்னது உண்மைதான். பேஸ்மட்டத்தில் தூண்களை இணைக்கும் பிளிந்த் பீம் போட்டு, 3 அடி மண் நிரப்பி, தூண் எழுப்பி, சுவர் ஜன்னல் அடிமட்டம் வரை வந்துவிட்டது. கூரை இன்னும் போடவில்லை. இதையெல்லாம் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. மனை 1,200 சதுர அடி. தண்ணீர் எவ்வளவு நின்றது என்று தெரியாது, அப்போது நாங்கள் திருப்பாதிரிப்புலியூரில் வாடகைக்கு இருந்தோம்.

பாகூர் மேஸ்திரி
தம்பி, பக்கத்து வீட்டுச் சுவரில் சேற்றுக் கோடு இருக்கும். பூச்சு புதிதாக அடித்திருந்தால் அந்த வீட்டு அம்மாவைக் கேளுங்கள். எந்தப் படி வரை வந்தது என்பதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். நிறமில்லாத பிளாஸ்டிக் டியூபில் காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை அந்தக் கோட்டிலும் மறு முனையை உங்கள் தூணிலும் பிடித்தால், தண்ணீர் நிற்கும் இடம்தான் உங்கள் வீட்டில் வெள்ளமட்டம். ஆணியால் கீறிவிட்டு, பிளிந்த் பீமின் மேல்மட்டத்திலிருந்து அதுவரை அளந்து இங்கே எழுதுங்கள். இதற்குப் பத்து நிமிடம் போதும்.

தென்பெண்ணைக்கரை
அளந்துவிட்டோம். பிளிந்த் பீமுக்கு மேலே 2 அடி 1 அங்குலம். அப்பா ஒன்றும் பேசாமல் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். இப்போது என்ன செய்வது?

கட்டமைப்பு வடிவமைப்பாளர்
அப்பாவிடம் சொல்லுங்கள், கூரை போடுவதற்கு முன்பு தெரிந்தது பெரிய நன்மை. இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, உள்தரையை இன்னும் 3 அடியிலிருந்து 3½ அடி வரை உயர்த்துவது. அப்படிச் செய்தால் இப்போதுள்ள 9 அங்குலச் சுவர் மண்ணைத் தாங்கும் சுவராக மாறிவிடும், அதற்கு அது போதாது. புதிய தரைமட்டத்தில் தூண்களை இணைத்து இன்னொரு பீம் போட்டு, தரையைக் கான்கிரீட் பலகையாக அதன் மேல் உட்கார வைக்க வேண்டும், அடியில் மண் நிரப்பக் கூடாது. தூணின் உயரம் கூடுவதால் கம்பிக் கணக்கை உங்கள் பொறியாளர் மீண்டும் போட்டுப் பார்க்க வேண்டும். இரண்டாவது, தரைத்தளத்தை வண்டிக்கூடமாகவும் கழுவிவிடக்கூடிய கூடமாகவும் விட்டு, சமையலையும் படுக்கையையும் முதல் தளத்துக்குக் கொண்டுபோவது. அஸ்திவாரம் இரண்டு தளத்துக்குப் போட்டதா என்பதைப் பொறுத்தது அது. எதுவானாலும் திங்கட்கிழமை செங்கல் வைக்க வேண்டாம்.

ஓய்வுபெற்ற பொறியாளர்
முதல் வழிதான் சிக்கனம். தூண் அளவு, கம்பி விட்டம், அஸ்திவார ஆழம் மூன்றையும் எழுதுங்கள். நான் கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். 450 மில்லிமீட்டர் பற்றி நான் எழுதியதை இந்த மனைக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம்.

தென்பெண்ணைக்கரை
எல்லோருக்கும் நன்றி. வேலையை நிறுத்திவிட்டோம். பொறியாளர் புதன்கிழமை வந்து தூண்களைப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

பாகூர் மேஸ்திரி
நல்லது, தம்பி. செப்டிக் டேங்க் போட்டாகிவிட்டதா? மூடியும் காற்றுக் குழாயும் அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கின்றனவா? காலியாக இருக்கும் டேங்க் நிலத்தடி நீர் ஏறும்போது மிதந்து மேலே வந்துவிடும். பணி முடியும் வரை அதில் தண்ணீர் நிரப்பி வையுங்கள்.

வில்லியனூர் மின்பணியாளர்
புதன்கிழமை என்ன முடிவானது என்று எழுதுங்கள், தம்பி. போர்டு உயரத்தை அதன் பிறகுதான் சொல்ல முடியும்.