வீட்டுக்குள்ள துணி காயப்போடுறது: குளிர் நாட்டுல புதுசா குடிவந்தவங்களுக்கு

கேள்வி: குடிவந்து மூணு வாரம் ஆகுது. பால்கனியில துணி தொங்கவிடக் கூடாதுன்னு வாடகை ஒப்பந்தத்துல இருக்கு. படுக்கையறையில ஸ்டாண்டு வெச்சுக் காயப்போட்டா ரெண்டு நாள் ஆகியும் ஈரம் போகல, முடை வாடை வேற வருது. காலையில எழுந்தா ஜன்னல் கண்ணாடி முழுக்கத் தண்ணி வழியுது. டிரையர் வாங்கிடலாமா, இல்ல இதையே சரிபண்ண முடியுமா?

பதில்: தம்பி, டிரையரைப் பத்தி அப்புறம் பேசலாம். முதல்ல உங்க வாஷிங் மெஷின்ல ஸ்பின் (துணியைச் சுழற்றிப் பிழியுற வேகம்) எவ்வளவுல இருக்குன்னு பாருங்க. 800 ஆர்பிஎம்ல, அதாவது நிமிஷத்துக்கு 800 சுத்து சுத்தினா 5 கிலோ பருத்தித் துணியில சுமார் மூணரை லிட்டர் தண்ணி தங்கிடும். 1400ல சுத்தினா ரெண்டரை லிட்டர். நடுவுல இருக்கிற அந்த ஒரு லிட்டரை மோட்டார் சில நிமிஷத்துல பிழிஞ்சு தள்ளிடும், கரன்ட் செலவு கொஞ்சம்தான். அதையே சூடு காட்டி ஆவியாக்கணும்னா கிட்டத்தட்ட 0.7 யூனிட் வேணும். 'சிந்தெடிக்', 'ஈஸி கேர்' மாதிரி புரோகிராம்கள்ல ஸ்பின் தானாவே குறைஞ்சிடும், பலர் அதைக் கவனிக்கிறதில்ல. பருத்தி, டவல், படுக்கை விரிப்புக்கெல்லாம் மெஷின் தர்ற முழு வேகத்தை வையுங்க. துவைச்சு முடிஞ்சதும் ஸ்பின்னை மட்டும் இன்னொரு தடவை தனியா ஓட்டுங்க. கம்பளி, பட்டு, லேஸ் வெச்ச துணிக்கு 400லிருந்து 600 போதும்.

இப்ப கண்ணாடியில வழியுற தண்ணி. 10க்கு 12 அடி அறை, உயரம் 9 அடின்னு வெச்சுக்கோங்க. உள்ள இருக்கிறது சுமார் 30 கன மீட்டர் காத்து. 20 டிகிரியில அவ்வளவு காத்தும் சேர்ந்து அரை லிட்டர் தண்ணியைத்தான் ஆவியா தாங்கும், அதுலயும் பாதி ஏற்கெனவே நிரம்பியிருக்கும். மிச்சம் கால் லிட்டருக்குத்தான் இடம். அதுக்குள்ள நீங்க ரெண்டரை லிட்டரை இறக்குறீங்க. மீதி எல்லாம் குளிர்ந்த இடமாப் பார்த்துப் படியும்: கண்ணாடி, வெளிச்சுவர், அலமாரிக்குப் பின்பக்கம், மெத்தைக்கு அடி. சுவர் மூலையில கறுப்புக் கறுப்பா பூஞ்சை பூக்கிறது இதனாலதான். அதனால துணி காயணும்னா அறையை மட்டும் சூடாக்கினா போதாது, அந்தத் தண்ணி வீட்டை விட்டு வெளியே போக ஒரு வழி வேணும்.

சுலபமான வழி ஜன்னல். மழை பெய்யுதே, திறந்தா ஈரம்தானே உள்ள வரும்னு மூடியே வெச்சிருக்காதீங்க. 0 டிகிரி காத்து முழு ஈரத்தோட இருந்தாலும் ஒரு கன மீட்டர்ல 5 கிராம் தண்ணிதான் இருக்கும். அது உள்ள வந்து 20 டிகிரிக்குச் சூடானா ஈரப்பதம் 30 சதவீதத்துக்கும் கீழ போயிடும். அவ்வளவு வறண்ட காத்து துணிக்கு வரம். எதிரெதிரா இருக்கிற ரெண்டு ஜன்னலையும் முழுசாத் திறந்து 10 நிமிஷம் விட்டு மூடுங்க, மூணு நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை. நாள் பூரா ஒரு விரற்கடை திறந்து வைக்கிறதுல காத்து சரியா மாறாது, சுவர்தான் சில்லிட்டுப் போகும். கோடையில வெளியே புழுக்கமா இருந்தா கணக்கு தலைகீழ். அப்ப ஜன்னலைச் சாத்திட்டு, காத்துல இருக்கிற ஈரத்தை இழுத்தெடுக்கிற டிஹியூமிடிஃபையர் மெஷினைப் போடுறதுதான் சரி.

டிஹியூமிடிஃபையர் வாங்கினா சின்ன அறையாப் பார்த்து, கதவு ஜன்னல் எல்லாத்தையும் மூடி, ஸ்டாண்டுக்குப் பக்கத்துல வையுங்க. திறந்த ஹால்ல வெச்சா வீட்டுக் காத்தையெல்லாம் சேர்த்து உலர்த்திக்கிட்டு இருக்கும். கம்ப்ரசர் வெச்சது சூடான அறைக்கு நல்லது, 200 - 300 வாட்தான் இழுக்கும். 15 டிகிரிக்குக் கீழ போற அறைன்னா அது திணறும், ஈரம் உறிஞ்சுற பொருள் வெச்ச டெசிகன்ட் வகைதான் வேலை செய்யும். ஆனா அது கரன்ட் அதிகம் இழுக்கும். கூடவே ஈரப்பதம் காட்டுற சின்ன மீட்டர் ஒண்ணு வாங்கி வையுங்க. 60 சதவீதத்தைத் தாண்டி அப்படியே நின்னா ஏதோ சரியில்லைன்னு அர்த்தம்.

கேள்வி: ஸ்டாண்டுல போடுறதுக்கு ஏதாவது முறை இருக்கா? இருக்கிற கம்பியிலெல்லாம் நெருக்கி நெருக்கிப் போட வேண்டியிருக்கு.

பதில்: நெருக்கிப் போடாதீங்க, அதுதான் பாதிப் பிரச்சினை. ரெண்டு துணிக்கு நடுவுல உள்ளங்கை நுழையணும். இடம் பத்தலைன்னா துவைக்கிறதைப் பாதியாக்கி ரெண்டு நாள்ல துவைங்க.

கம்பியில போடுறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணையும் ரெண்டு உதறு உதறுங்க. ஸ்பின்ல ஒட்டிக்கிட்ட மடிப்பு பிரிஞ்சு காத்து உள்ள போகும், இஸ்திரி வேலையும் குறையும். ஜீன்ஸை உள்பக்கம் வெளியே வர்ற மாதிரி புரட்டி, பாக்கெட்டை வெளியே இழுத்துவிட்டு, இடுப்புப் பக்கம் மேல இருக்கிற மாதிரி கிளிப் மாட்டுங்க. இடுப்பை விரிச்சு ரெண்டு கம்பிக்கு ஒவ்வொரு பக்கமா மாட்டினா நடுவுல குழாய் மாதிரி காத்து ஏறும். சட்டைக்கு ஹேங்கர்தான் நல்லது, பட்டனைக் கழற்றிக் காலரைத் தூக்கிவிடுங்க. தொப்பி வெச்ச ஸ்வெட்ஷர்ட்டுல கடைசியா காயறது தொப்பியும் அக்குளும்தான், தொப்பி முதுகுல ஒட்டாம தனியா தூக்கி மாட்டணும். கம்பளி ஸ்வெட்டரைத் தொங்கவிட்டா தண்ணிக் கனத்துலயே நீண்டுபோகும். டவல்ல சுருட்டி அமுக்கி எடுத்துட்டு, வேற காஞ்ச டவல் மேல பரப்பி வையுங்க. நீளப் புடவையை நாலு மடிப்பாப் போட்டா உள்மடிப்பு காயவே காயாது. மூணு நாலு கம்பிக்கு மேல கூடாரம் மாதிரி ஒத்தை மடிப்பா விரிங்க.

அப்புறம் ஒரு ஃபேன். ஸ்டாண்டுக்குக் கீழ, ஓரமா, மேல் நோக்கி ஊதுற மாதிரி. துணியைச் சுத்தி நிக்கிற ஈரக்காத்து நகர்ந்தாலே காயற நேரம் நல்லாவே குறையும். ஹீட்டர் மேல நேராப் போடாதீங்க. எலக்ட்ரிக் ஹீட்டர்னா தீப்பிடிக்கும். வெந்நீர் ஓடுற ரேடியேட்டர்னா அதை மூடினதும் அறைக்குச் சூடு வராது. ஒரு கை தூரம் தள்ளி வையுங்க.

கேள்வி: காஞ்ச பிறகும் வாடை போகலையே? வியர்த்தா உடனே திரும்ப வருது.

பதில்: அக்கா, அது பாக்டீரியா வேலை. மொராக்ஸெல்லா ஆஸ்லோயென்சிஸ்னு ஒண்ணு, காஞ்சாலும் சாகாது, 30 டிகிரி துவைப்பையும் தாங்கும், ஈரம் கிடைச்சதும் மறுபடி பெருகும். வாசனை சாஃப்ட்னர் ஊத்தினா மூடி மறைக்குமே தவிர போகாது, டவல் தண்ணியை இழுக்குறதையும் கெடுத்துடும். பருத்தித் துணி, சாயம் போகாததுன்னா 60 டிகிரியில சோடியம் பெர்கார்பனேட் (ஆக்ஸிஜன் ப்ளீச் தூள்) கலந்து ஒரு தடவை துவைங்க. பட்டு, கம்பளிக்கு இது கூடவே கூடாது. சோப்புத்தூளை அளவுக்கு மேல போடாதீங்க, அலசாம தங்குற மிச்சத்துலதான் கிருமி வளருது. மெஷின் நின்னதும் துணியை எடுத்துடுங்க. கதவு ரப்பரோட உள்மடிப்பைத் துடைச்சுக் கதவைத் திறந்தே வையுங்க.

கேள்வி: எங்க வீட்டுல துவைக்கிறதும் காயவைக்கிறதும் ஒரே மெஷின். வெளியே எடுத்தா சூடா, கசங்கி, பாதி ஈரமா வருது.

பதில்: ரெண்டு கொள்ளளவு எழுதியிருக்கும், பாருங்க. துவைக்க 8 கிலோன்னா காயவைக்க 5 கிலோவாத்தான் இருக்கும். முழுசாத் துவைச்சு அப்படியே காயவிட்டா உள்ள புரள இடமே இல்ல. மூணுல ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலயே எடுத்து ஸ்டாண்டுல போட்டுட்டு மீதியை ஓட்டுங்க. போர்வை உறையோட பட்டனைப் போட்டுடுங்க, இல்லேன்னா மத்த துணியெல்லாம் அதுக்குள்ள புகுந்து உருண்டையாயிடும்.

தனி டிரையர் வாங்குறதா இருந்தா மூணு வகை. ஈரக்காத்தைக் குழாய் வழியா வெளியே தள்ளுறது, தண்ணியாக்கித் தொட்டியில சேர்க்கிற கண்டென்சர், சூட்டை வீணாக்காம திரும்பத் திரும்பப் பயன்படுத்துற ஹீட் பம்ப். 8 கிலோ துணிக்குக் கண்டென்சர் சுமார் 4.5 யூனிட் எடுக்கும், ஹீட் பம்ப் 2 யூனிட்டுக்குள்ள முடிச்சிடும். நேரம் அதிகமாகும், ஆனா சூடு குறைவா இருக்கிறதால துணி பிழைக்கும். வாரம் மூணு தடவை ஓட்டுற வீட்டுக்கு ஹீட் பம்ப்தான் என் பரிந்துரை.

பஞ்சுத்தூசி சேர்ற லின்ட் ஃபில்டரை ஒவ்வொரு தடவையும் சுத்தம் பண்ணுங்க. மாசம் ஒரு தடவை அதைக் குழாயில காட்டுங்க. தண்ணி வலை வழியா இறங்காம மேல தேங்கி நின்னா, சாஃப்ட்னர் படலம் அடைச்சிருக்கு. பழைய டூத் பிரஷ்ல சோப்பு வெச்சுத் தேய்ங்க. டிரம்முக்குப் பக்கத்துல ரெண்டு உலோகப் பட்டை தெரியுதே, அதுதான் ஈரம் பார்க்கிற சென்சார். அதுல படலம் இருந்தாலோ, நாலே துணி போட்டாலோ, காயறதுக்கு முன்னாடியே நின்னுடும். வினிகர் தொட்டுத் துடைங்க. வெளியே போற குழாய் உலோகத்துல, 4 அங்குல அகலத்துல, வளைவு குறைவா இருக்கணும். பிளாஸ்டிக் குழாய் வேண்டாம். தூசி அடைஞ்சு தீப்பிடிக்கிறது இங்கதான். எண்ணெய் ஊறின துணியைத் துவைச்சிருந்தாலும் டிரையர்ல போடாதீங்க. சூடாக் குவிஞ்சு கிடந்தா தானாவே பத்திக்கும். கடைசியில வர்ற குளிர்விக்கிற கட்டத்தைப் பாதியில நிறுத்தாதீங்க. எக்ஸ்டென்ஷன் ஒயர்லயும் மாட்டாதீங்க.

கேள்வி: சரியா காஞ்சுதான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? குளிர்ல எல்லாத் துணியும் சில்லுனுதான் இருக்கு.

பதில்: நடுத்துணியைத் தொடாதீங்க. இடுப்புப் பட்டை, பாக்கெட் மூலை, காலர் தையல், இதையெல்லாம் விரலால அழுத்திட்டுக் கன்னத்துல வெச்சுப் பாருங்க. ஈரமிருந்தா வெச்சிருக்க வெச்சிருக்கச் சில்லிப்பு கூடும், வெறும் குளிர்னா சில நொடியில விட்டுடும். டிரையர்ல எடுத்ததை உடனே சோதிக்காதீங்க, சூட்டுல எல்லாமே காஞ்ச மாதிரிதான் தெரியும். அஞ்சு நிமிஷம் விரிச்சுப் போட்டு ஆறவிட்டுப் பார்த்துட்டு அலமாரியில அடுக்குங்க.