'மரம்' எப்படி 'மாம்' ஆச்சு? பயிற்சித்தாள் தயாரிப்பவர்கள் சொல்லுங்க

ஞாயிறு வாத்தி:
நியூஜெர்சியில் ஞாயிறுதோறும் தமிழ் வகுப்பு எடுக்கிறேன். பதினோரு பிள்ளைகள், 7 முதல் 10 வயது. உயிர்மெய் முடிஞ்சு இப்ப சொற்கள். ஒரே தாளில் இருபது சொல், படம், கோடிட்ட இடம்னு அடைச்சுடுவேன். தாள் மிச்சம்னு நினைப்பு! போன வாரம் 'மரம்' என்பதை நாலு பேர் 'மாம்'னு படிச்சாங்க. சிரிச்சுட்டேன். அப்புறம் தாளை வாங்கிப் பார்த்தா எனக்கே அப்படித்தான் தெரியுது. 12 அளவு, போல்டு, அதுக்கு மேல ஜெராக்ஸ். எழுத்துரு மாத்தினா சரியாயிடுமா?

கொப்பிக்காரி:
ரொறன்ரோவில கனகாலமா இதே வேலைதான், அதால சொல்லுறன். முதல்ல போல்டை விடுங்கோ. 'ண', 'இ', 'ஞ' எல்லாத்திலயும் சுழிக்குள்ள மை அடைச்சிடும். 'ர'வின்ர கீழ்க்கால் போட்டோக்கொப்பியில தேய்ஞ்சா மிஞ்சுறது வெறும் அரவுதான், நீங்கள் துணைக்கால் எண்டு சொல்லுறது, பிள்ளையில பிழையில்லை. தொடக்கக்காரருக்கு நான் 20க்குக் கீழ போறதில்லை, ஒரு பக்கத்துக்கு ஆறு சொல். வரி இடைவெளி 1.5 வேணும். மேல் வரியில 'மூ', கீழ் வரியில 'கீ' வந்தா ரெண்டும் முட்டிக்கொள்ளும். கொடுக்க முதல் கொப்பியையே திரும்பக் கொப்பி எடுத்துச் சுவரில ஒட்டி, எட்டி நிண்டு வாசிச்சுப் பாருங்கோ. எனக்கே வாசிக்க ஏலாட்டி குப்பைக் கூடைதான்.

ஞாயிறு வாத்தி:
நன்றிங்க அக்கா. 'கொ'வில் கொம்பையும் காலையும் மட்டும் சிவப்பாக்கப் பார்த்தேன், புள்ளி வட்டம் வந்து நிக்குது.

கொப்பிக்காரி:
அது அப்பிடித்தான், எழுத்தையும் குறியையும் பிரிச்சா வட்டம் வந்திடும். முழு எழுத்தையும் சாம்பல் நிறத்தில அச்சடிச்சு, பிள்ளையளையே சிவப்புப் பென்சிலால கொம்பு கீறச் சொல்லுங்கோ. கைக்கும் பழக்கம். மற்றது, பாமினி எண்ட பழைய எழுத்துருவில அடிச்ச தாளுகள் இருந்தா பிடிஎஃப் ஆக்கி வையுங்கோ. அந்த எழுத்துரு இல்லாத கணினியில திறந்தா ஒரே ஆங்கில எழுத்துக் குவியல்.

மடிப்பாக்கம் மாமி:
என் பேத்தியோட தாள்ல நான் 'மலை' எழுதிக் காட்டினேன், தும்பிக்கை வச்ச பழைய 'லை'. 1978ல் மாத்திட்டாங்கன்னு தெரியும், கை கேக்கலையே! குழந்தை முழிச்சுது. தாளோட ஓரத்துல வீட்டுப் பெரியவங்களுக்குன்னு புது எழுத்தைப் போட்டுக் குடுங்கோப்பா.

ஞாயிறு வாத்தி:
போடுறேன் மாமி. இந்த வாரம் ஆறு சொல், 22 அளவு, போல்டு இல்லாம குடுத்தேன். 'மரம்' எல்லாருக்கும் வந்துடுச்சு. 'பரிசு'ல மட்டும் ரெண்டு பேர் 'பா'னு ஆரம்பிச்சு நின்னுட்டாங்க.

கொப்பிக்காரி:
சில எழுத்துருவில 'ர', 'ரா'வுக்குக் கால் சாயும், 'ர்', 'ரி', 'ரீ'க்குச் சாயாது. அரவுக்கு மேல புள்ளியும் விசிறியும் (இகரக் குறி) வைச்ச மாதிரி இருக்கும். நாங்கள் பழக்கத்தில வாசிச்சிடுவம், பிள்ளைக்கு அந்தப் பழக்கம் இல்லை. அந்த மூண்டையும் தட்டிப் பாத்து, கால் தெரியிற எழுத்துருவை எடுங்கோ.