கொரிய மொழியின் ‘பாப்’: நீங்கள் எங்கே, எந்தப் பொருளில் கேட்டீர்கள்?

தேஜோன் மாணவி:
கிம்பாப், பிபிம்பாப் என்று கொரிய நாடகம் பார்க்கிற எல்லோருக்கும் பழகிப்போன அதே ‘பாப்’ பற்றித்தான் கேட்கிறேன். வயலில் நிற்கும்போது பியோ, உமி போனால் ஸ்ஸால், வெந்து கிண்ணத்துக்கு வந்தால் பாப். நெல், அரிசி, சோறு என்று பேசி வளர்ந்த நமக்கு இதுவரை ஒரு சிரமமும் இல்லை. கூத்தெல்லாம் அப்புறம்தான்.

எங்கள் ஆய்வகத்தில் மூத்த மாணவர் ஒருவர் மதியத்துக்கு மேல் யாரைப் பார்த்தாலும் “பாப் மொகொஸ்ஸொ?” என்பார். நம்ம ஊர் “சாப்பிட்டாச்சா?”தான். ஒருநாள் ராம்யொன் என்ற நூடுல்ஸ் சாப்பிட்டதாகச் சொன்னேன். “அதெல்லாம் ஒரு பாப் ஆகுமா?” என்று முகத்தைச் சுளித்தார். அதே வாரம் “பாப் வாங்கித் தருகிறேன், எல்லோரும் வாங்க” என்று அழைத்துப்போய் உட்காரவைத்ததோ ஜாஜாங்மியொன் என்ற கறுப்பு நூடுல்ஸ் கடையில்! மேசையில் ஒரு பருக்கை சோறு இல்லை. கேட்டால், வாங்கித் தருகிற பாப் வேறாம். அது ஒரு வேளைச் சாப்பாடு, எதுவாகவும் இருக்கலாம்.

புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. “ஒன்ஜே பாப் ஹன்பொன் மொக்ஜா”, அதாவது “எப்போதாவது சேர்ந்து சாப்பிடுவோம்” என்று யாராவது சொன்னால், பெரும்பாலும் அது விடைபெறும் பேச்சு. நாள் குறிக்கப் போனை எடுத்துவிடாதீர்கள். பாட்டி, தாத்தா வயதுள்ளவர்களிடம் பாப் என்று கேட்பதும் சரிவராது, அவர்களுக்கு ‘ஜின்ஜி’. அரசர் சாப்பிட்டால் ‘சூரா’. கைக்குழந்தைக்கு ‘மம்மா’, நம் வீட்டு மம்முவேதான்.

சுவோன்வாசி:
சமையலறையில் கை கிழிந்து தையல் போட்டார்கள். கட்டுப் போட்ட நர்ஸ் அக்கா, அடுத்த வாரம் வந்து ‘ஷில்பாப்’ எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஷில் என்றால் நூல் என்று தெரியும். நூல் சோறா? அவரே என் கையைக் காட்டி, கத்தரிக்கோலால் நறுக்கி இழுப்பதுபோல் விரலை ஆட்டிக் காட்டினார். தையலில் தெரிகிற நூல்தான் ஷில்பாப். துணியிலிருந்து பிரியும் நூல் துணுக்குக்கும் அதே பெயர். அதேபோல ரம்பம் அறுக்கும்போது கொட்டும் மரத்தூள் ‘தொப்பாப்’, அதாவது ரம்பச் சோறு. ரம்பம் தின்று சிந்தியது என்று நானாக நினைத்துக்கொள்கிறேன்.

ஸ்ரீபெரும்புதூர்க்காரன்:
நான் கொரியாவே போனதில்லை. ஆனால் இங்கே கொரிய அதிகாரிகளோடு ஷிப்டு பார்க்கிறவன். எங்கள் லைனில் புதிதாக வந்த கொரியப் பையன் ஏதோ யோசனை சொல்ல, பழைய மேலாளர் “என் ஜம்பாப் எவ்வளவு தெரியுமா?” என்றார். மொழிபெயர்ப்பாளர் சிரித்துக்கொண்டே “சார் சர்வீஸைச் சொல்றார்” என்றார். தோண்டிக் கேட்டதில், மூலம் ‘ஜான்பான்’. சீன எழுத்தில் மிச்சச் சோறு என்று பொருள். அது ராணுவ முகாமுக்குள் புகுந்து ஜம்பாப் ஆகி, முதலில் முகாம் சாப்பாட்டையும் பிறகு அதைத் தின்று கழித்த காலத்தையும் குறித்து, இப்போது எந்த வேலையிலும் சீனியாரிட்டி என்று வந்து நிற்கிறது. அங்கே ஆண்களுக்குக் கட்டாய ராணுவச் சேவை உண்டு. அதனால் அலுவலகத்தில் எல்லோருக்கும் சொல்லாமலே புரிகிறது.

நாடகப்பித்து:
வில்லன் “நீ என் பாப்” என்றால் சாப்பாட்டுக்கு அழைக்கவில்லை. நீ எனக்கு எளிய இரை என்கிறான். “பீன்ஸ் பாப் தின்னப் போகிறாயா?” என்றால் ஜெயில், அந்தக் காலத்தில் கைதிகளுக்குப் பயறு கலந்த சோறு போட்டதால் வந்தது. ஒருவனைப் பார்த்து ‘பாம்மாத்’, அதாவது சோற்றுச் சுவை என்றால் பாராட்டு என்று நினைப்போம். கிடையாது, அவனைக் கண்டாலே சாப்பாடு இறங்காது என்று அர்த்தம். எனக்குப் பிடித்தது ‘தொக்பாப்’. மீன் பிடிக்கத் தூண்டிலில் வைக்கும் மாவு உருண்டை. கதாசிரியர் முதல் எபிசோடில் தூவி வைக்கும் துப்புக்கும் அதே பேர். கடைசியில் எல்லா முடிச்சையும் அவிழ்த்தால், போட்ட இரையைத் திரும்ப எடுத்துவிட்டார் என்பார்கள்.

மொழிக்கிறுக்கன்:
சொல்லின் வயதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே! 1446ல் கொரிய எழுத்தை விளக்கி வந்த நூலில் ‘ஆ’ உயிரெழுத்துக்குத் தந்த முதல் எடுத்துக்காட்டே பாப். எழுத்துத் தொடங்கிய நாளிலிருந்து சொல் மாறவில்லை. பியோவும் அதே பட்டியலில் இருக்கிறது.

மாறியது ஸ்ஸால்தான். தனியாகச் சொன்னால் ஸ்ஸால். தினையரிசி என்றால் ‘ஜோப்ஸ்ஸால்’. தினை வெறும் ‘ஜோ’. நடுவில் அந்த ‘ப்’ எப்படி வந்தது? பழைய கொரியத்தில் அரிசிக்குப் பெயர் கிட்டத்தட்ட ‘ப்ஸல்’. தனிச் சொல்லில் ப் தேய்ந்தது. கூட்டுச் சொல்லுக்குள் ஒளிந்து பிழைத்துக்கொண்டது. 12ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் கொரியச் சொற்களைக் குறித்துவைத்த ஒரு சீன அதிகாரி, இந்த ஓசைக்காக அரிசியைப் போதிசத்துவர் என்ற சீன எழுத்துகளால் எழுதினார். அதை வைத்து, அரிசியே போதிசத்துவர் என்று கதை கட்டியவர்களும் உண்டு. ஓசைக்கு எழுதியது அது, பக்திக்கு இல்லை.

அப்புறம், மம்மா–மம்மு என்று ஆரம்பித்துவிட்டார் மாணவி. 1905லேயே அமெரிக்க மிஷனரி ஹோமர் ஹல்பர்ட் கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டுப் புத்தகம் போட்டார். இன்றைய மொழியியலாளர்கள் அந்த உறவை ஏற்பதில்லை. உதடு ஒட்டி வரும் மழலைச் சொல் எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் இருக்கும். அதை வைத்துச் சொந்தம் கொண்டாட வேண்டாம்.

உல்சான் வெல்டர்:
நீங்கள் சொல்லாராய்ச்சி பண்ணுங்கள், நான் கிண்ணத்தைப் பற்றிச் சொல்கிறேன். ஹோட்டலில் மூடி போட்ட எவர்சில்வர் கிண்ணத்தில் சோறு வருமே, அது ‘கொங்கிபாப்’. 1970களில் அரிசியை மிச்சம் பிடிக்க சியோல் நகராட்சியே கிண்ணத்துக்கு அளவு குறித்தது: 10.5 செ.மீ. விட்டம், 6 செ.மீ. உயரம். அன்றைக்கு அரிசி அவ்வளவு கிராக்கி. 1970ல் தலைக்கு ஆண்டுக்கு 136 கிலோ அரிசி சாப்பிட்டவர்கள் 2023ல் 56 கிலோவுக்கு இறங்கிவிட்டார்கள். ஆனாலும் கிண்ணம் பெரிதாகவில்லை. எனக்கு ரெண்டு கிண்ணம் போதாது. மூணாவதைக் கடைக்கார அம்மா இப்போதெல்லாம் கேட்காமலே வைத்துவிடுகிறார், பில்லில் மட்டும் மறக்காமல் ஏற்றிவிடுவார். இன்னொன்று, அந்தக் கிண்ணத்தைக் கையில் தூக்கிச் சாப்பிடக் கூடாது. கொரியாவில் அது மரியாதை இல்லை. தூக்கினாலும் சூட்டில் நீங்களே கீழே வைத்துவிடுவீர்கள்.