அழுத்தினால் தசை ஏன் இன்னும் இறுகுகிறது? – தண்டுவட அனிச்சையும் மசாஜும்

கேள்வி:
கெண்டைக்காலில் முழங்கையால் ஆழமாக அழுத்தினால் தசை தளராமல் கெட்டியாகிவிடுகிறது. படுத்திருப்பவரோ "நான் இறுக்கவே இல்லை" என்கிறார். இது தண்டுவட அனிச்சைதானா (மூளையின் கட்டளை இல்லாமல் தண்டுவடமே செய்யும் தன்னிச்சைச் செயலா)? குரக்களி இழுத்தால் என்ன செய்வது?

பதில் 1:
அவர் சொல்வது உண்மையாக இருக்கலாம். தசைக்குள் உள்ள தசைக்கதிர்கள் என்னும் உணர்விகள், தசை எவ்வளவு நீள்கிறது என்பதோடு எவ்வளவு வேகமாக நீள்கிறது என்பதையும் உணர்கின்றன. சட்டென்று இழுபட்டால் அந்தச் செய்தி தண்டுவடத்துக்குப் போய், இடையில் வேறு நரம்பணு எதுவும் இல்லாமல், அதே தசையின் இயக்க நரம்பைத் தூண்டிவிடும். முழங்காலைத் தட்டிப் பார்ப்பதும் இதைத்தான். தட்டிய சுமார் 20 மில்லிவினாடியில் தொடைத்தசையில் மின்துடிப்பு வந்துவிடும்; மனசு வைத்து நிறுத்த நேரமே கிடையாது.

வலி வந்தால் கதை வேறு. வலியிலிருந்து உறுப்பை இழுத்துக்கொள்ளும் விலகல் அனிச்சை ஒரு தசையோடு நிற்காது: கால் மடங்கப் பார்க்கும், எதிர்க்கால் விறைக்கும். அதனால் அழுத்தும்போது அடுத்த காலின் விரல்களையும் கவனியுங்கள்.

குப்புறப் படுக்கவைத்துக் கணுக்காலுக்கு அடியில் உருளைத் தலையணை வையுங்கள். முழங்கால் லேசாக மடங்கி கெண்டைத்தசை தொய்வாகும். முதலில் உள்ளங்கை. முழு ஆழத்துக்குப் போக ஒரு முழு மூச்சு வெளிவிடும் நேரம் எடுங்கள். தசை எதிர்த்தால் மேலும் அழுத்தாமல் கொஞ்சம் பின்வாங்குங்கள். முழங்கை பெரும்பாலும் தேவைப்படாது.

பதில் 2:
குரக்களிக்கு: முழங்காலை நீட்டி, பாதத்தை முழங்கால் பக்கமாக மெதுவாக மடக்குங்கள். பிறகு பாதத்தின் மேல் கை வைத்து, "என் கையைத் தள்ளிக்கொண்டு பாதத்தை மேலே தூக்குங்கள்" என்று சொல்லுங்கள். முன்கால் தசை வேலை செய்யும்போது தண்டுவடமே கெண்டைத்தசையின் நரம்பை அடக்கும். வெடுக்கென்று இழுத்தால் நீட்சி அனிச்சை (இழுபட்ட தசை தானே சுருங்குவது) கிளம்பி, பிடிப்பு கூடும்.

பதில் 3:
ஒரு கூடுதல் குறிப்பு. கெண்டைக்காலைப் பிசையும்போது அதன் அனிச்சைத் தூண்டல் குறைவதை ஹெச்-அனிச்சை அளவீடுகள் (நரம்பை மின்சாரத்தால் தூண்டி அனிச்சையை அளப்பவை) காட்டுகின்றன; ஆனால் கையை எடுத்ததும் சீக்கிரமே பழைய நிலைக்குத் திரும்பிவிடுகிறது. நீடிக்கும் தளர்வை இதன் கணக்கில் எழுதாதீர்கள். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணை அழுத்தினால், "அதிலுள்ள கோல்கி உணர்வி தசையை அணைத்துவிடும்" என்று வகுப்பில் சொல்வதும் மிகை. அந்த உணர்வி முக்கியமாக அளப்பது தசை சுருங்கும் விசையை.

பாதத்தை மடக்கியதும் அது தாளம் போட்டதுபோல் விடாமல் துடித்தால் மசாஜை நிறுத்துங்கள். மூளை அல்லது தண்டுவடப் பாதிப்பின் அறிகுறியாக இருக்கலாம். நரம்பியல் மருத்துவர் பார்க்கவேண்டியது அது.