ஒட்டுமொத்தத்தில் திருப்தியா? 1 முதல் 5 வரை எதை அழுத்துவது?

துவாஸ்காரன்:
வணக்கம். சிங்கப்பூரில், துவாஸில் ஒரு தொழிற்சாலையின் உதிரிபாகக் கிடங்கு என் பொறுப்பு. இங்குள்ள தனியார் கல்வி நிலையம் ஒன்றில், பிரிட்டிஷ் பல்கலைக்கழகம் தரும் சப்ளை செயின் எம்எஸ்சி பகுதிநேரமாகப் படிக்கிறேன். போன வாரம் கருத்தாய்வுப் படிவம் வந்தது. கடைசிக் கேள்வி, ஒட்டுமொத்தமாகப் படிப்பின் தரம் எனக்குத் திருப்தியா என்பது. துவாஸ் லிங்க்கில் ரயில் ஏறினால் பூகிஸ் வருவதற்குள் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். முடியவில்லை.

பிரிட்டனிலிருந்து பறந்து வந்து ஒரே வாரக்கடைசியில் பாடம் எடுத்த ஆசிரியர் எங்களை 'பியர் கேம்' என்ற சரக்குச் சங்கிலி விளையாட்டை விளையாட வைத்தார். சில்லறைக் கடை, மொத்த வியாபாரி, விநியோகஸ்தர், ஆலை என்று 4 இடம். வாடிக்கையாளர் கேட்பது வாரத்துக்கு 4 பெட்டியிலிருந்து 8 ஆக ஒரே ஒரு தடவைதான் மாறும். ஆலையில் உட்கார்ந்திருந்த நான் பதறிப்போய் 40 பெட்டிக்கு உற்பத்தி போட்டுவிட்டேன். எங்கள் கிடங்கில் பேரிங் ஒரு மாதம் குவிந்து மறு மாதம் இல்லாமல் போவது ஏன் என்று திங்கட்கிழமை காலையில் எனக்கு விளங்கிவிட்டது. அந்த மனுஷருக்கு 5 கூடக் குறைவு.

ஆனால் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு உட்கார்ந்து எழுதிய 3,000 சொல் கட்டுரை 9 வாரம் கழித்துத் திரும்பி வந்தது. நல்ல முயற்சி, விமர்சனப் பார்வை போதாது என்று இரண்டே வரி. பக்கத்து நாற்காலி நண்பருக்கும் அதே இரண்டு வரி, 'கிரிட்டிக்கல்' என்பதில் ஓர் எழுத்து விட்டுப்போனது உட்பட! இதற்கு 1. சரி, இரண்டையும் கூட்டி வகுத்து 3 போடுவதா?

செங்காங் அக்கா:
தம்பி, நான் வகுப்புப் பிரதிநிதியாக இருந்து அந்தக் கூட்டங்களில் உட்கார்ந்தவள். சராசரி எண்ணைத் திரையில் காட்டுவார்கள், தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். கீழே எழுதிய கருத்தைத்தான் நின்று படிப்பார்கள். அதுவும் எந்தப் பாடம், எத்தனை வாரம் தாமதம் என்று இருந்தால். பிரிட்டனில் பட்டமேற்படிப்பு மாணவர்களிடம் எடுக்கும் பிடிஇஎஸ் ஆய்வில் கற்பித்தல் தனி, மதிப்பீடும் பின்னூட்டமும் தனி, நிர்வாகம் தனி. உங்கள் படிவத்திலும் மேலே பாருங்கள், இருக்கும். அங்கே 5, இங்கே 1 என்று போடுங்கள். கடைசி எண்ணுக்கு இவ்வளவு யோசிக்காதீர்கள்.

கோப்பி ஓ கோசோங்:
அக்கா சொல்வது சரிதான், ஆனால் 14 பேர் வகுப்பில் 'பேர் தெரியாது' என்பதெல்லாம் சும்மா. துவாஸ், பேரிங் என்று எழுதினால் அடுத்த நிமிஷமே ஆள் தெரிந்துவிடும். அப்புறம் இன்னொன்று. நாமே 1 போட்டு அது வெளியே வந்தால் அடிபடுவது நம் சான்றிதழ்தானே? நான் எல்லாவற்றுக்கும் 4 போட்டேன். பட்டம் வாங்கினேன். நிம்மதி.

செங்காங் அக்கா:
வெளியே வருவது பிரிட்டனில் இளநிலை மாணவர்களிடம் எடுக்கும் என்எஸ்எஸ் கருத்தாய்வு. பிடிஇஎஸ்ஸில் ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் முடிவும் அவர்களுக்குள்ளேயே இருக்கும். நம் ஊர் பட்டதாரி வேலைவாய்ப்பு ஆய்வும் முதல் பட்டக்காரர்களைத்தான் கேட்கிறது. அதனால் சான்றிதழுக்கு ஒன்றும் ஆகாது. எல்லாரும் இப்படி 4 போட்டதால்தான் இந்தத் தம்பி 9 வாரம் காத்திருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

தம்பி, திருத்திய தாள்களில் சிலவற்றை வெளியிலிருந்து வரும் தேர்வாளரும் பார்ப்பார். பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்களில் அது வழக்கம். ஒரே வரி இரண்டு தாளில் இருப்பதைப் படிவத்தோடு விடாமல் பாடப் பொறுப்பாளருக்கு மின்னஞ்சலிலும் சொல்லுங்கள். கருத்தாய்வு வேறு, புகார் வேறு.

துவாஸ்காரன்:
நன்றி அக்கா. கற்பித்தலுக்கு 5, பின்னூட்டத்துக்கு 1 போட்டேன். மொத்தத்துக்கு 3 போட்டுவிட்டு அதற்கு மேல் யோசிக்கவில்லை. கருத்துப் பெட்டியில் அந்த இரண்டு வரியைப் பிழையோடு அப்படியே ஒட்டிவிட்டேன். கோப்பி ஓ அண்ணே, கவலை வேண்டாம். இன்று விசாரித்ததில் வகுப்பில் 6 பேருக்கு அதே வரிதான் வந்திருக்கிறது. ஒட்டியது யார் என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?